கிழிசலை மூடும் புரதம்: டிஸ்ஃபெர்லினும் தசைச் சிதைவும்

பள்ளி நாட்களில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவர்கள், கல்லூரி அணியில் கால்பந்தோ கபடியோ ஆடியவர்கள், இருபது வயதை ஒட்டி மருத்துவரிடம் வந்து சொல்லும் முதல் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நுனிக்காலில் நிற்க முடியவில்லை. பரணில் இருப்பதை எம்பி எடுக்க முடியவில்லை. ஓடும்போது காலில் உந்தல் இல்லை. கெண்டைக்கால் சதை மெலிந்துகொண்டே போகிறது. ரத்தத்தில் சி.பி.கே. என்ற நொதியை அளந்து பார்த்தால் அளவு பல ஆயிரங்களில் நிற்கும். இயல்பாக அது சில நூறைத் தாண்டக் கூடாது. தசைச் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி அது. ரத்தத்தில் இவ்வளவு கலந்திருக்கிறது என்றால், செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு எங்கோ விட்டுக்கொடுத்திருக்கிறது.

பரம்பரைத் தசைச் சிதைவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டுஷேன் வகை. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் வருவது அது. ஆண் குழந்தைகள் மூன்று நான்கு வயதிலேயே தரையிலிருந்து எழத் தடுமாறுகிறார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே பேசப் போவது வேறொரு புரதம், டிஸ்ஃபெர்லின். அது இல்லாமல் பிறக்கும் குழந்தை உரிய காலத்தில் நடக்கிறது, ஓடுகிறது. பலர் சக மாணவர்களைவிட நன்றாகவே விளையாடியிருக்கிறார்கள் என்பதை நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்த ஆய்வாளர்கள் வியப்போடு பதிந்திருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்தே இல்லாத ஒரு புரதம், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து ஏன் தன் இல்லாமையைக் காட்ட வேண்டும்?

இந்த நோயை முதலில் தனித்துப் பார்த்தவர் ஜப்பானிய மருத்துவர் மியோஷி கசுவோ. தசைச் சிதைவு நோய்கள் பொதுவாக உடலின் மையத்தை ஒட்டிய இடுப்பு, தொடை, தோள் தசைகளில் தொடங்கும். கை கால்களின் கடைக்கோடியில் பலவீனம் தொடங்கினால் கோளாறு நரம்பில் இருக்கும் என்பதுதான் மருத்துவர்களின் பழைய கணக்கு. மியோஷி பார்த்தவர்களுக்குக் கெண்டைக்காலில் தொடங்கியது, ஆனால் நரம்பு சரியாக இருந்தது. 1960களிலேயே ஜப்பானிய மொழியில் இதை எழுதிய அவர், 1986இல் எட்டுக் குடும்பங்களைச் சேர்ந்த பதினேழு பேரின் விவரங்களை ஆங்கில ஆய்விதழில் வெளியிட்டார். அந்தக் குடும்பங்களில் பெற்றோருக்கு நோய் இல்லை. பிள்ளைகளில் ஆண், பெண் இருபாலருக்கும் வந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி ஒன்று வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபு அது என்பது தெளிவானது.

அதே காலத்தில், இடுப்பிலும் தொடையிலும் பலவீனம் தொடங்கும் வேறொரு நோயை மற்றொரு குழு துரத்திக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் காரணமான இடம் இரண்டாம் குரோமோசோமின் ஒரே பகுதி என்று 1990களின் நடுவில் தெரிய வந்தபோது, ஒரே மரபணுவாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. 1998இல் பாஸ்டனில் ராபர்ட் பிரவுனின் குழுவும், இங்கிலாந்தின் நியூகாசிலில் கேட் புஷ்பியின் குழுவும் ஒரே நேரத்தில் அந்த மரபணுவைக் கண்டறிந்து அறிவித்தன. ஒரே மரபணுதான், டிஸ்ஃபெர்லினுடையது. அடுத்த ஆண்டு கனடாவின் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆய்வு இன்னும் பெரிய புதிரை முன்வைத்தது. ஒரே பரம்பரையில், எழுத்துப் பிசகாமல் ஒரே மரபணுப் பிழையைச் சுமந்த உறவினர்களில் சிலருக்குக் கெண்டைக்காலிலும் சிலருக்கு இடுப்பிலும் நோய் தொடங்கியிருந்தது. மரபணு அறிக்கை கையில் இருந்தாலும் நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

புதிய மரபணு ஒன்று கிடைத்ததும் ஆய்வாளர்கள் செய்யும் முதல் வேலை, வேறு உயிரினங்களில் அதன் சாயல் இருக்கிறதா என்று தேடுவது. டிஸ்ஃபெர்லினுக்குக் கிடைத்த உறவு யாரும் எதிர்பாராதது. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவின் விந்தணுவில் ஃபெர்-1 என்ற மரபணு இருக்கிறது. அது பழுதானால் அந்தப் புழு மலடாகிவிடும். காரணம், விந்தணு முதிரும்போது அதற்குள் இருக்கும் சிறு பைகள் வெளிச்சவ்வோடு போய் இணைய வேண்டும். பழுதான புழுவில் அவை சவ்வின் அருகே வந்து நின்றுவிடுகின்றன, இணைவதில்லை. புழுவின் விந்தணுவுக்கும் மனிதனின் கெண்டைக்காலுக்கும் என்ன தொடர்பு என்று அன்று பலரும் குழம்பியிருப்பார்கள். ஆனால் துப்பு அதற்குள்தான் இருந்தது: இந்தக் குடும்பத்துப் புரதங்களின் வேலை ஒரு சவ்வை இன்னொரு சவ்வோடு இணைப்பது.

டிஸ்ஃபெர்லினின் அமைப்பும் அதையே சொன்னது. 2,080 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட புரதம். வால் நுனி சவ்வில் ஊன்றியிருக்க, மற்றதெல்லாம் செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீளத்தில் சி2 எனப்படும் ஏழு மடிப்புப் பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. நரம்பு நுனிகளில் கால்சியம் நுழைந்ததும் சிறு பைகளை வெளிச்சவ்வோடு இணைக்கும் புரதங்களிலும் இதே சி2 மடிப்புகளைப் பார்க்கலாம். கால்சியத்தையும் சவ்வின் கொழுப்பையும் ஒருசேரப் பற்றக்கூடியவை இவை.

இந்த இடத்தில் தசையைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லியாக வேண்டும். தசைச் செல்கள் கிழிவது நோயால் மட்டும் நடப்பதல்ல. நல்ல உடம்பிலும் அன்றாடம் நடக்கிறது. அமெரிக்காவில் பால் மக்நீல் என்ற உயிரணு ஆய்வாளர் 1992இல் எலிகளை இறக்கத்தில் ஓடவைத்துப் பார்த்தார். ஓட்டத்துக்குப் பின் அவற்றின் தசை இழைகளுக்குள், ரத்தத்தில் மட்டுமே இருக்க வேண்டிய ஆல்புமின் புரதம் தென்பட்டது. சவ்வு கிழிந்து, அது உள்ளே நுழைந்து, பின்னர் சவ்வு மூடிக்கொண்டதன் அடையாளம் அது. மாடிப்படி இறங்கும்போதும் பாரத்தை மெல்லக் கீழே வைக்கும்போதும் தசை சுருங்க முயன்றபடியே நீள வேண்டியிருக்கிறது. அந்த இழுபறியில்தான் சவ்வு அதிகம் கிழிகிறது. மலையேறி இறங்கிய மறுநாள் தொடை வலிப்பவர் எல்லாரும் இதை உடம்பால் அறிந்தவர்களே.

கிழிசல் சிறியதானாலும் ஆபத்து பெரியது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. திறந்த வாய் வழியே அது உள்ளே பாய்ந்தால் தசை கட்டுக்கடங்காமல் சுருங்கும், புரதங்களை வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ளும், செல் இறக்கும். ஆகவே சில வினாடிகளுக்குள் ஓட்டையை அடைத்தாக வேண்டும். செல் இதற்குக் கண்டிருக்கும் வழி நுட்பமானது. உள்ளே பாயும் அதே கால்சியத்தையே அபாய அறிவிப்பாகக் கொண்டு, உள்ளிருக்கும் சவ்வுப் பைகளைக் கிழிந்த இடத்துக்கு விரட்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவதுபோல ஒரு திட்டை ஒட்டிவிடுகிறது.

டிஸ்ஃபெர்லின் இந்த வேலைக்கு வேண்டிய புரதம் என்பதை அயோவா பல்கலைக்கழகத்தில் கெவின் கேம்பெல்லின் ஆய்வகம் 2003இல் காட்டியது. டிம்பிள் பன்சல் முதல் ஆசிரியராக இருந்த அந்தச் சோதனை, எளிமையில் அழகானது. எலியின் தசையிலிருந்து எடுத்த இழையை, சவ்வின் கொழுப்பில் கலந்தால் மட்டும் ஒளிரும் ஒரு சாயத்தில் வைக்கிறார்கள். லேசர் கதிரால் சவ்வில் ஒரு சிறு துளை போடுகிறார்கள். ஆரோக்கியமான இழையில் துளைக்கருகே சாயம் சற்று ஒளிர்ந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் மேற்கொண்டு நுழையாமல் நின்றுவிடுகிறது, ஓட்டை அடைபட்டுவிட்டது. டிஸ்ஃபெர்லின் இல்லாத இழையில் சாயம் நிற்காமல் நுழைந்துகொண்டே இருக்கிறது. ஆரோக்கியமான இழையையும் கால்சியம் இல்லாத கரைசலில் வைத்துத் துளையிட்டால் அதுவும் மூடிக்கொள்வதில்லை. டிஸ்ட்ரோஃபினும் அதைச் சார்ந்த புரதக் கூட்டமும் இந்த எலிகளில் குலையாமல் இருந்தன என்பதையும் அந்தக் குழு காட்டியது. அதாவது சவ்வு பலமாகவே இருந்தது. கிழிந்தால் மூடும் திறன் மட்டும்தான் இல்லை. டுஷேன் நோயில் சவ்வு எளிதில் கிழிகிறது, இங்கே கிழிந்தது மூடுவதில்லை என்ற தெளிவான வேறுபாடு பாடநூல்களில் இடம்பெற்றது.

தெளிவான கதைகள் அறிவியலில் நெடுநாள் தனியாட்சி செய்வதில்லை. 2010இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் ஒரு வினோத நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருடைய மரபணுவின் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. ஏழு சி2 பகுதிகளில் கடைசி இரண்டும் சவ்வில் ஊன்றும் வாலும் மட்டுமே எஞ்சியிருந்தன. ஆனாலும் அவருக்கு நோய் தாமதமாகவே தொடங்கி, மிதமாகவே இருந்தது. இந்தக் குட்டிப் புரதத்தைச் சோதனையில் போட்டபோது அது சவ்வை நன்றாகவே மூடியது. மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் பிரான்சின் ஜெனத்தோன் நிறுவனத்தைச் சேர்ந்த குழு அந்த நம்பிக்கையைத் தீவிரமாகச் சோதித்தது. டிஸ்ஃபெர்லின் இல்லாத எலிகளுக்குக் குட்டிப் புரதத்தைத் தந்தார்கள். லேசர் சோதனையில் சவ்வு மூடியது. தசையை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சிதைவு அப்படியே தொடர்ந்தது. அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: சவ்வு மூடும் சோதனையின் முடிவுக்கும் நோய் சீராவதற்கும் பொருத்தம் இல்லை.

எதிர்மறை முடிவு என்று பலர் ஒதுக்கிவிடக்கூடிய அந்தக் கட்டுரையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மூடுவது உண்மை, ஆனால் அது மட்டும் உண்மையல்ல என்று அது நேர்மையாகக் காட்டியது. வேறு தடங்களும் திறந்தன. தசை இழைக்குள் குறுக்கே ஓடும் நுண்குழாய்கள் மூளையின் கட்டளையை இழையின் ஆழத்துக்குக் கொண்டுசெல்கின்றன. டிஸ்ஃபெர்லின் அங்கேயும் இருக்கிறது, அந்தக் குழாய்ச் சவ்வின் கால்சியப் போக்கை அழுத்தத்தின்போது நிலைப்படுத்துகிறது என்று மேரிலாந்தில் ராபர்ட் பிளாக்கின் குழு 2013இல் எழுதியது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் டில்டியாசெம் என்ற பழைய மருந்து, இந்த எலிகளின் தசையைக் காயத்திலிருந்து ஓரளவு காத்தது. இன்னொரு தடம் நோயெதிர்ப்புக்குள் போகிறது. கேம்பெல்லின் குழுவே 2010இல், காம்ப்ளிமென்ட் எனப்படும் எதிர்ப்புப் புரத அமைப்பின் மையக் கண்ணியை நீக்கினால் டிஸ்ஃபெர்லின் இல்லாத எலிகளின் தசை மேம்படுகிறது, டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளில் அது பயன் தரவில்லை என்று காட்டியது. அடைபடாத ஓட்டைகள் வழியே செல்லின் உட்பொருள் தொடர்ந்து கசிவதும், அதைக் கண்டு உடம்பின் காவல் படை தசையைத் தாக்குவதும், இறந்த இழைகளின் இடத்தைக் கொழுப்பு நிரப்புவதும் சேர்ந்துதான் நோய் ஆகிறது என்ற சித்திரம் மெல்ல உருவாகிவருகிறது. இருபது ஆண்டு தாமதத்துக்கும் விளக்கம் இந்தப் பக்கம்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்: புதிய இழைகளை உருவாக்கி ஈடுகட்டும் திறன் இளமையில் நிறைய இருக்கிறது, இழப்பு ஈட்டை மிஞ்சும் நாளில்தான் குதிகால் எழ மறுக்கிறது.

நோயெதிர்ப்பின் இந்தப் பங்குதான் நோயாளிகளுக்குப் பெரும் துயரத்தையும் கொண்டுவந்திருக்கிறது. தசைத் துணுக்கை எடுத்து பயாப்சி செய்தால் இழைகளைச் சுற்றி வெள்ளணுக்கள் கூட்டமாக நிற்பது தெரிகிறது. சி.பி.கே. மிக உயரம். குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லை. இவை மூன்றும் சேர்ந்தால் பாலிமயோசைட்டிஸ் எனப்படும் தசை அழற்சி நோய் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அந்த நோய்க்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து. டிஸ்ஃபெர்லின் குறைபாட்டுக்கு அல்ல. ஜெர்மனியில் இருபத்தைந்து நோயாளிகளிடம் டெஃப்லசகார்ட் என்ற ஸ்டீராய்டை முறையான ஒப்பீட்டுச் சோதனையில் தந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். தசை வலு கூடவில்லை. மருந்து எடுத்த காலத்தில் குறையும் போக்கே தெரிந்தது. ஆண்டுக் கணக்கில் தவறான நோயின் பெயரில் ஸ்டீராய்டு சாப்பிட்டு, எலும்பு மெலிந்து, சர்க்கரை ஏறி, அதன் பிறகே உண்மை தெரிந்தவர்களின் வரலாறுகள் பல நாட்டு மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. வேறொரு குழப்பமும் உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கின்றன. அவை உயர்ந்திருப்பதைப் பார்த்துக் கல்லீரல் மருத்துவரிடம் அலைபவர்கள் சி.பி.கே. பரிசோதனை ஒன்றைச் செய்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மனிதர்களிடம் நடந்த இதே குழப்பம் ஆய்வக எலிகளிடமும் நடந்தது. எஸ்.ஜே.எல். என்ற எலி வகையைப் பல பத்தாண்டுகளாக நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்கு உலகெங்கும் பயன்படுத்திவந்தார்கள். வயதாக ஆக அவற்றின் தசையில் அழற்சி தானாகத் தோன்றியதால், தசை அழற்சி நோயை ஆராய ஏற்ற எலி என்றும் முன்மொழிந்தார்கள். 1999இல்தான் அவற்றின் டிஸ்ஃபெர்லின் மரபணுவிலேயே பிழை இருப்பது தெரிந்தது. நிபுணர்கள் நிறைந்த ஆய்வகங்களில் கூட இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்த ஒன்றை ஊர் மருத்துவர் தவறவிட்டால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சரியான பரிசோதனை எட்ட வேண்டும்.

பரிசோதனைகள் இருக்கவே செய்கின்றன. ரத்தத்தில் இருக்கும் மோனோசைட் என்ற வெள்ளணுவிலும் டிஸ்ஃபெர்லின் இருப்பதால், தசையை வெட்டாமல் ஊசியில் எடுக்கும் ரத்தத்திலேயே புரதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மரபணு வரிசையைப் படிப்பதும் முன்போல எட்டாத செலவு அல்ல. ஐம்பத்தைந்து துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த மரபணுவில் பிழை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் முழுவதையும் படித்தாக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இருபத்தெட்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 2008இலேயே வெளியிட்டார்கள். இந்தியாவில் இது அபூர்வத்திலும் அபூர்வம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவனம் தேவைப்படுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. அத்தை மகனும் மாமன் மகளும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. குடும்பத்தில் ஒருவரிடம் டிஸ்ஃபெர்லினின் பழுதான பிரதி இருந்தால், அதே பிரதி கணவன், மனைவி இருவரிடமும் சந்திக்கும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் பல மடங்காகிறது. அப்படிச் சந்தித்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. டுஷேன் நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவது, உறவுத் திருமணத்தால் கூடுவதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எந்தத் தசை நோய் வந்தாலும் தாயின் வம்சத்தைக் குறைசொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. டிஸ்ஃபெர்லின் விஷயத்தில் தந்தையும் தாயும் சரிபாதி தந்திருக்கிறார்கள், இருவருமே தங்களிடம் அது இருப்பதை அறியாதவர்கள். ஒரு பெண்ணின் மீது ஆயுள் முழுக்க ஏற்றிவைக்கப்படும் பழியை இறக்கிவைக்க ஒரு மரபணு அறிக்கை போதும் என்றால், அதற்காகவேனும் அந்தப் பரிசோதனையைச் செய்யலாம். தம்பி தங்கைகளின் திருமணப் பேச்சுக்கு முன் ஆலோசனை பெறவும் அது உதவும்.

மருந்துக்கான தேடலில் இப்போதைய முட்டுக்கட்டை அளவு. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லப் பயன்படும் ஏ.ஏ.வி. என்ற வைரஸ் ஓட்டுக்குள் ஏறத்தாழ 4,700 எழுத்துகள் கொள்ளும். டிஸ்ஃபெர்லின் புரதத்தை எழுத 6,200க்கு மேல் வேண்டும். சுருக்கினால் என்ன ஆகும் என்பதைக் குட்டிப் புரதம் காட்டிவிட்டது. ஆகவே மரபணுவை இரண்டாக வெட்டி, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் போய் இணையவைக்கும் முறையைச் சில குழுக்கள் முயல்கின்றன. இது நடக்கக்கூடியதா என்ற கேள்விக்கு டிஸ்ஃபெர்லினின் சொந்தக் குடும்பத்திலிருந்தே பதில் வந்திருக்கிறது. காதின் கேள்செல்களில் ஓட்டோஃபெர்லின் என்ற சகோதரப் புரதம் இருக்கிறது. அது இல்லாத குழந்தைகள் செவிடாகப் பிறக்கிறார்கள். அந்த மரபணுவும் ஓட்டுக்குள் கொள்ளாத அளவு பெரியது. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதை இரண்டாக வெட்டி உள்காதில் செலுத்திய முடிவுகளை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் மீண்டது.

ஆனால் உள்காது சில துளி மருந்தில் நிரம்பிவிடும் இடம். வளர்ந்த ஒருவரின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தசை. அத்தனை இழைகளுக்கும் வைரஸை ரத்தத்தின் வழியே அனுப்ப வேண்டுமென்றால் அளவு எண்ணற்ற மடங்கு கூடும். அந்த அளவில் கல்லீரல் தாங்குமா என்பது பெரும் கவலை. டுஷேன் நோய்க்கான மரபணு சிகிச்சை பெற்ற, நடக்கும் திறனை இழந்திருந்த இரண்டு இளைஞர்கள் 2025இல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு பாதிகளும் ஒரே இழைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் டிஸ்ஃபெர்லினுக்கு அளவை எளிதில் குறைக்கவும் முடியாது. அதனால் இப்போதைக்கு நோயாளிக்கு மருத்துவர்கள் சொல்லக்கூடியவை எளியவை: ஸ்டீராய்டை நிறுத்துங்கள், நிறுத்தும்போது படிப்படியாக நிறுத்துங்கள், பளு தூக்குவதையும் இறக்கத்தில் ஓடுவதையும் தவிருங்கள், நீச்சல், மிதமான நடை போன்றவற்றை விடாதீர்கள், கணுக்காலுக்கு ஆதரவுப் பட்டை உதவும், இதயமும் மூச்சும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும் நோய் இது, ஆனாலும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மரபணுப் பிழை எது என்று எழுதிய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். எதிர்காலச் சோதனைகளில் சேர முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.